டப்ளினிலிருந்து ஒரே நாளில் அயர்லாந்தின் வரலாற்றுத் தலங்கள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

உங்கள் கேள்வி இதுதான். டப்ளினில் வேலை பார்க்கிறீர்கள். அக்டோபர் நடுவில் அப்பா, அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வெளியே போக ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது. அந்த நாளில் நியூகிரேஞ்ச், தாரா மலை, டிரிம் கோட்டை, மோனாஸ்டர்பாய்ஸ், மோஹர் பாறைகள், ஜயண்ட்ஸ் காஸ்வே என்று ஆறு இடங்களையும் பார்த்துவிட முடியுமா? முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஆறில் எவற்றை விட்டால் மனம் அடித்துக்கொள்ளாது, மிச்சமிருப்பதை எந்த வரிசையில் பார்த்தால் அம்மாவின் முழங்காலும் தாங்கும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும்.

கடைசி இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். மோஹர் பாறைகள் தீவின் மேற்குக் கரையில் இருக்கின்றன. டப்ளினிலிருந்து ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காஸ்வே வடகோடியில், கிட்டத்தட்ட அதே தூரத்தில். இரண்டும் அருமையான இயற்கைக் காட்சிகள், வரலாற்றுத் தலங்கள் அல்ல. காஸ்வேயில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய இராச்சியத்தின் எல்லைக்குள் இருக்கிறது. சாலையில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது, எல்லை எங்கே வந்தது என்றே தெரியாமல் கார் கடந்துவிடும். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்கள் அங்கே கால்வைக்க உரிய அனுமதி வேண்டும். பெற்றோரின் அயர்லாந்து விசாவில் பி.ஐ.வி.எஸ். (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற குறிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் இரு பகுதிகளுக்கும் செல்லலாம். உங்களுடைய அயர்லாந்துக் குடியிருப்பு அட்டை மட்டும் உங்களுக்கு அந்த உரிமையைத் தராது. சோதனை இல்லை என்பதற்காகச் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது.

மிச்சம் நான்கும் ஏறக்குறைய ஒரே வட்டாரம்தான். டப்ளினுக்கு வடக்கேயும் வடமேற்கேயும், மீத், லவுத் என்ற இரு மாவட்டங்களில், பாய்ன் ஆற்றை ஒட்டிய பகுதியில் இருக்கின்றன. டப்ளினிலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுதான். அயர்லாந்தின் புதிய கற்காலம், தொல்கதை அரசர்கள், தொடக்ககாலக் கிறித்தவ மடங்கள், நார்மன் கோட்டை, 17ஆம் நூற்றாண்டுப் போர்க்களம் எல்லாம் ஒரே ஆற்றங்கரையில் கிடைக்கிற இடம் இது. ஒரே நாள்தான் என்றால் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகாதீர்கள். இதற்குள்ளும் மூன்று நிறுத்தங்களுக்கு மேல் வேண்டாம். நான்காவதைச் சேர்த்தால் நான்கையும் காரிலிருந்து எட்டிப் பார்த்ததாகத்தான் முடியும்.

நாளின் முதல் பாதி முழுவதையும் ப்ரூ ந போன்யாவுக்குக் கொடுங்கள். நியூகிரேஞ்ச், நௌத், டௌத் ஆகிய மூன்று பெரிய கற்கால மேடுகளும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு மேடுகளும் சேர்ந்த பகுதிக்கு அதுதான் பெயர். 1993இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பலர் தடுமாறுவது இங்கேதான், இரண்டு இடங்களில். ஒன்று டிக்கெட். நியூகிரேஞ்சுக்கு நேரே போய் வாசலில் சீட்டு வாங்க முடியாது. ஆற்றின் தென்கரையில், டோனோர் கிராமத்துப் பக்கம் உள்ள பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் விடும் பேருந்தில்தான் போக வேண்டும். ஒவ்வொரு பேருந்திலும் சிலருக்கே இடம் என்பதால் நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வார இறுதி, பள்ளி விடுமுறை நாட்களில் முன்கூட்டியே தீர்ந்துவிடும், அன்று காலை போய் நின்றால் ஏமாற்றம்தான். முன்பதிவு திறந்த அன்றே காலை நேரச் சீட்டுகளை எடுத்துவிடுங்கள். இந்தத் தலங்களைப் பராமரிக்கும் அரசுப் பொதுப்பணி அலுவலகத்தின் ஆண்டு மரபு அட்டை வைத்திருந்தால் கட்டணம் கிடையாது, ஆனாலும் முன்பதிவு தேவை. கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் தொகையைப் பதிவுத் தளத்தில் பார்த்துக்கொள்வதே சரி.

இரண்டாவது, வழிகாட்டிச் செயலி. அதில் நியூகிரேஞ்ச் என்று அடித்தால் அது உங்களை வடகரைக்கு, நினைவுச் சின்னத்தின் வேலிக்கே கூட்டிக்கொண்டு போகும். அங்கே உள்ளே விடமாட்டார்கள். திரும்பி, ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கும் ஊர் வழியாகச் சுற்றி மையத்துக்கு வருவதற்குள் உங்கள் பேருந்து போயிருக்கும். ஆகவே ப்ரூ ந போன்யா (Brú na Bóinne) பார்வையாளர் மையம் என்று தேடுங்கள், அல்லது அவர்கள் தளத்தில் கொடுத்திருக்கும் அஞ்சல் குறியீட்டை இடுங்கள். எம்1 நெடுஞ்சாலையில் 9ஆம் வெளியேறும் வழி. குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே போய்விடுங்கள். மையத்திலிருந்து ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்துதான் பேருந்து நிற்கும் இடம் வரும். முழங்கால் வலி உள்ளவர் நிதானமாக நடக்கப் பத்து நிமிடமாவது வேண்டும்.

சீட்டில் இரண்டு வகை உண்டு: நியூகிரேஞ்ச் மட்டும், அல்லது நியூகிரேஞ்சும் நௌத்தும். முதலாவதற்கு மையத்துக் கண்காட்சியையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகும், இரண்டாவதற்கு நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். குளிர்காலத்தில் நௌத் மூடப்பட்டிருக்கும், அக்டோபர் நடுவில் திறந்தே இருக்கும். நேரம் அதிகமானாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே பரிந்துரைப்பேன். நியூகிரேஞ்சின் பெருமை அதன் கட்டுமானம், நௌத்தின் பெருமை அதன் செதுக்கல்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டால் அந்த மக்களைப் பற்றிப் பாதிதான் தெரியவரும்.

நியூகிரேஞ்ச் ஏறக்குறைய கி.மு. 3200இல் கட்டப்பட்டது. கீசாவின் பெரிய பிரமிடைவிட அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. மேட்டின் குறுக்களவு சுமார் 85 மீட்டர், உயரம் 13 மீட்டர் அளவு. சுற்றிலும் 97 விளிம்புக் கற்கள். உள்ளே 19 மீட்டர் நீளத்துக்கு ஒடுக்கமான நடைவழி, அதன் முடிவில் சிலுவை வடிவில் ஓர் அறை. அறையின் கூரை ஆறு மீட்டர் உயரம். சாந்து எதுவும் இல்லை. பெரிய கற்பலகைகளை வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையமும் கீழுள்ளதைவிடச் சற்று உள்ளே தள்ளி இருக்கும்படி அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுகளாக உள்ளே மழைநீர் இறங்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. கூரைக் கற்களின் மேல்முகத்தில் தண்ணீரை வெளியே வழிய விடுவதற்காகக் காடிகள் வெட்டியிருக்கிறார்கள், இடுக்குகளைச் சுட்ட மண்ணாலும் கடல் மணலாலும் அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுட்ட மண்ணில் இருந்த கரியைக் கொண்டுதான் கட்டடத்தின் காலத்தையே கணித்தார்கள்.

இந்த இடத்தை உலகம் அறிந்தது சூரிய ஒளியால். வாசலுக்கு மேலே கல்லால் ஆன ஒரு சிறு திறப்பு இருக்கிறது, கூரைப்பெட்டி என்று சொல்வார்கள். குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை, அதாவது ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21ஐ, ஒட்டிய சில நாட்களில், சூரியன் எழுந்த நாலைந்து நிமிடங்களில் அந்தத் திறப்பு வழியாக ஒளிக்கற்றை நுழைந்து நடைவழி முழுவதும் ஊர்ந்து அறைக்குள் போகும். சுமார் 17 நிமிடங்கள் இருந்துவிட்டுப் பின்வாங்கும். ஒளி ஏன் வாசல் வழியாகப் போகாமல் இந்தத் திறப்பு வழியாகப் போகிறது? நடைவழியின் தரை உள்ளே போகப் போக உயர்கிறது. அறையின் தரை ஏறத்தாழ கூரைப்பெட்டியின் மட்டத்துக்கே வந்துவிடுகிறது. வாசலில் நுழையும் ஒளி பாதி வழியில் தரையில் பட்டு நின்றுவிடும், மேலே இருந்து வருவது மட்டும் கடைசிவரை போகும். கட்டியவர்கள் திட்டமிட்டே செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். 1962 முதல் 1975 வரை இங்கே அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று அறைக்குள் இருந்து இதை நேரில் கண்டு பதிவு செய்தார். அந்த நாட்களில் உள்ளே இருப்பதற்குக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மேகம் மூடினால் அவர்களுக்கும் எதுவும் தெரியாது. அக்டோபரில் போகும் நீங்கள் அசல் ஒளியைப் பார்க்க முடியாது. ஆனால் வழிகாட்டி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு மின்விளக்கால் அந்தக் காட்சியைச் செய்து காட்டுவார். அந்த ஒன்றிரண்டு நிமிடம் பேசாமல் இருக்கும்படி அப்பா, அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

இனி, ஐயத்துக்கு உரியவை. முகப்பில் பளிச்சென்று தெரியும் வெள்ளைப் படிகக்கல் சுவரைப் பார்த்ததும் கற்காலத்தவர் இப்படித்தான் கட்டினார்கள் என்று நினைத்துவிடுவோம். அந்தக் கற்கள் உண்மையானவை, தெற்கே விக்லோ மலைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இடையிடையே பதிந்திருக்கும் உருண்டைக் கற்கள் வடக்கிலிருந்து வந்தவை. சுவர்தான் 20ஆம் நூற்றாண்டின் மீட்டுருவாக்கம், பின்னால் கான்கிரீட் தாங்கி நிற்கிறது. வாசலுக்கு முன்னே சரிந்து கிடந்த கற்கள் எப்படி விழுந்திருக்கும் என்று சோதித்துப் பார்த்துத்தான் ஓ'கெல்லி இந்த வடிவத்துக்கு வந்தார். கான்கிரீட் இல்லாத காலத்தில் இவ்வளவு செங்குத்தான சுவர் நின்றிருக்காது, இவை வாசல் முன்னே தரையில் பரப்பப்பட்டிருந்திருக்கும் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். வாசலின் இருபுறமும் உள்ளே வளைந்து போகும் கருநிறச் சுவரில் ஐயமே இல்லை, அது பார்வையாளர்கள் ஏறி இறங்க வசதியாக இக்காலத்தில் அமைத்தது. வாசலுக்குக் குறுக்கே கிடக்கும், சுருள்கள் செதுக்கிய பெருங்கல் அசல். அதன் முன்னே நின்று கோடுகளைக் கண்ணால் பின்தொடருங்கள். அந்தச் சுருள்களுக்கு என்ன பொருள் என்று எவர் உறுதியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இது கல்லறையா, கோயிலா என்று அப்பா கேட்பார். உள்ளே எரிந்தும் எரியாமலும் கிடந்த மனித எலும்புகள் கிடைத்தன, ஆகவே இறந்தவர்களின் எச்சங்களை வைத்த இடம் என்பது உறுதி. அது மட்டும்தானா என்பது உறுதியில்லை. 2020இல் ஒரு மண்டையோட்டுத் துண்டின் மரபணுவை ஆராய்ந்தபோது, அந்த மனிதர் உடன்பிறந்தவர்களுக்கோ பெற்றோர்-பிள்ளை உறவுக்கோ பிறந்தவர் என்று தெரிந்தது. உடனே, எகிப்தின் அரச குடும்பங்களைப் போலத் தெய்வ அரசர்கள் இங்கே ஆண்டார்கள் என்று செய்திகள் பரவின. மரபணு முடிவு வலுவானது. அரசன் என்ற ஊகம் அவ்வளவு வலுவானதல்ல. ஒரே ஒரு துண்டு எலும்பிலிருந்து ஒரு சமூக அமைப்பையே கட்டி எழுப்ப முடியாது என்று 2025இல் வேறு தொல்லியலாளர்கள் மறுத்து எழுதினார்கள். இன்றைய நிலைமை இதுதான்.

நௌத் மேடு அளவில் நியூகிரேஞ்சுக்கு இணையானது, ஆனால் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் இரண்டு நடைவழிகள். சுற்றிலும் பதினெட்டுக்குக் குறையாத சிறு மேடுகள். மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலச் செதுக்கல்களில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ஓகன் 1962இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இங்கே அகழாய்வு செய்தார். நடைவழிகளுக்குள் போக முடியாது, கிழக்கு நடைவழியை ஓர் அறையிலிருந்து எட்டிப் பார்க்கலாம். மேட்டைச் சுற்றி நடக்கும்போது விளிம்புக் கற்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நேராகப் பார்த்தால் மங்கலாகத் தெரியும் வட்டங்களும் அலைக்கோடுகளும் சாய்ந்த வெயிலில் துலங்கும்.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். மேட்டைச் சுற்றிப் பார்க்க அதிகச் சிரமம் இல்லை. நியூகிரேஞ்சின் நடைவழிதான் கடினம். சில இடங்களில் கற்கள் உள்பக்கம் சாய்ந்திருப்பதால் குனிந்து, பக்கவாட்டில் திரும்பித்தான் நகர முடியும், தரையும் மேலேறும். அடைபட்ட இடம் என்றால் பயப்படுபவர்களுக்கும் இது ஒத்துவராது. முதுகுப்பை, பெரிய கைப்பை எதையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். குழுவில் கடைசி ஆளாக நுழைந்தால் வாசல் பக்கம் இருக்கலாம், முடியவில்லை என்று தோன்றினால் எளிதாகத் திரும்பிவிடலாம். வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்கள் பொறுமையாக உதவுவார்கள். உள்ளே போகவே வேண்டாம் என்றால், பார்வையாளர் மையத்தில் அந்த அறையின் முழு அளவு மாதிரி இருக்கிறது, சக்கர நாற்காலியிலும் போகலாம். நௌத் மேட்டின் உச்சிக்குப் படி ஏறுவது கட்டாயமில்லை, கீழே நின்றாலே செதுக்கல்கள் எல்லாம் கிடைத்துவிடும்.

காலை முதல் நேரங்களில் ஒன்றைப் பிடித்திருந்தால் ஒரு மணியளவில் வெளியே வரலாம். மையத்தில் சிற்றுண்டிச் சாலை இருக்கிறது, சைவம் சாப்பிடுபவர்களுக்கு சூப், ரொட்டி, சாலட், கேக் கிடைக்கும். பெற்றோருக்கு அது போதாது என்றால் புளியோதரையோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். பிற்பகலில் போகும் இடங்களில் உணவகம் அதிகம் இல்லை.

பிற்பகலுக்கு இரண்டு பாதைகள். வடக்கே மோனாஸ்டர்பாய்ஸ், அதன் அருகே மெல்லிஃபாண்ட் என்ற பழைய மடம். அல்லது தென்மேற்கே தாரா, டிரிம். இரண்டையும் கலக்க வேண்டாம், முன்னும் பின்னுமாக ஓட்டுவதிலேயே பொழுது போய்விடும். அம்மாவை மனத்தில் வைத்தால் வடக்குப் பாதையே சரி. நடை குறைவு, காரிலிருந்து இறங்கியதும் பார்க்க வேண்டியது கண்முன்னே நிற்கும்.

மோனாஸ்டர்பாய்ஸ் ப்ரூ ந போன்யாவிலிருந்து சுமார் 20, 25 நிமிட ஓட்டம். கட்டணம் இல்லை. புனித புய்த்தே தொடங்கிய மடம் இருந்த இடம், அவர் 521இல் இறந்தார் என்பது மரபு. இன்று ஒரு கல்லறைத் தோட்டம், இரண்டு சிறு தேவாலயங்களின் இடிபாடு, ஒரு வட்டக் கோபுரம், மூன்று கற்சிலுவைகள். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வாசலை ஒட்டி நிற்கும் முயிரெதாக் சிலுவை அயர்லாந்துக் கற்சிற்பத்தின் உச்சம் என்று தயங்காமல் சொல்லலாம். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், மணற்கல், 9ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. அடியில் இரண்டு பூனைகளின் உருவத்துக்கு மேலே, இந்தச் சிலுவையைச் செய்வித்த முயிரெதாக்குக்காக வேண்டுங்கள் என்று பொறித்திருக்கிறது. கிழக்கு முகத்தில் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: ஆதாமும் ஏவாளும், காயின் ஆபேலைக் கொல்வது, தாவீதும் கோலியாத்தும், பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைக்கும் மோசே, குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள், நடுவில் இறுதித் தீர்ப்பு. தீர்ப்புக் காட்சியின் கீழே தராசில் உயிரை நிறுக்கிறார்கள், தராசை இழுக்கப் பார்க்கும் சாத்தானும் உண்டு. மேற்கு முகத்தில் இயேசு கைதாவதில் தொடங்கிச் சிலுவையில் அறையப்படுவது வரை. பிற்பகல் வெயில் மேற்கு முகத்தில் விழும், அதனால் அந்தப் பக்கம் அப்போது நன்றாகத் தெரியும். கிழக்கு முகம் நிழலில் இருக்கும், கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் உருவங்கள் எழும். கல்லைத் தொட வேண்டாம், ஆயிரம் ஆண்டுக் காற்றும் மழையும் தேய்த்தது போக மிஞ்சியிருப்பதுதான் இது. சிலுவையின் கைகளை இணைக்கும் வளையம் எதற்கு என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: கைகள் முறியாமல் தாங்க, அல்லது ஒளிவட்டத்தின் அடையாளம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

சற்றுத் தள்ளி நிற்கும் மேற்குச் சிலுவை ஏழு மீட்டர் அளவு, நாட்டிலேயே உயரமானவற்றில் ஒன்று. அதிலும் நிறையக் காட்சிகள், ஆனால் தேய்மானம் அதிகம். அதன் பின்னே வட்டக் கோபுரம். இத்தகைய கோபுரங்களின் வாசல் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால், வைக்கிங் கடற்கொள்ளையர் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொண்டு துறவிகள் ஒளிந்தார்கள் என்று எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்லும். இவை மணிக்கோபுரங்கள் என்பதில் ஐயமில்லை. புகலிடம் என்பதுதான் கேள்விக்குரியது. உள்ளே தளங்கள் மரத்தாலானவை, கீழே தீ வைத்தால் கோபுரமே புகைபோக்கியாகிவிடும். இந்தக் கோபுரமே 1097இல் உள்ளிருந்த நூல்களோடும் விலைமதிப்புள்ள பொருள்களோடும் எரிந்ததாக ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. பொருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்லிஃபாண்ட். 1142இல் தொடங்கிய, சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் முதல் அயர்லாந்து மடம். அடித்தளங்களே பெரும்பாலும் மிச்சம். துறவிகள் சாப்பிடுமுன் கைகழுவிய எண்கோண மண்டபம் மட்டும் பாதி நிற்கிறது, அதன் வளைவுகள் அழகானவை. இங்கே கட்டடத்தைவிட நிகழ்ச்சி பெரிது. ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அயர்லாந்துத் தலைவர் ஹியூ ஓ'நீல் 1603 மார்ச் 30 அன்று இங்கேதான் பணிந்தார். அரசி முதலாம் எலிசபெத் ஆறு நாளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கிய மவுண்ட்ஜாய் பிரபுவுக்குச் செய்தி எட்டிவிட்டது, ஓ'நீலிடமிருந்து மறைத்துவிட்டார். பழைய அயர்லாந்தின் ஆட்சி முறை இந்தப் பணிதலோடு சரியத் தொடங்கியது. அரைமணி நேரம் போதும்.

முழங்கால் நன்றாக இருக்கிறது, அம்மாவே நடக்க விரும்புகிறார் என்றால் தென்மேற்குப் பாதையை யோசிக்கலாம். தாரா மலை எப்போதும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஆனால் எதிர்பார்ப்பைச் சரி செய்துகொண்டு போங்கள். அயர்லாந்தின் உயரரசர்கள் முடிசூடிய இடம் என்று கேட்டுவிட்டுப் போனால் அரண்மனையைத் தேடுவோம். அங்கே இருப்பது புல்மேடுகளும் பள்ளங்களும், மேயும் ஆடுகளும். தரையில் நின்றால் அமைப்பு புரியாது, முந்தின இரவே வான்வழிப் படம் ஒன்றைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இரட்டை வளையங்களும், மலையுச்சியை வளைத்த பெருஞ்சுற்றும் காலடியில் இருப்பது தெரியும். பிணைக்கைதிகள் மேடு என்பது நியூகிரேஞ்ச் காலத்தை ஒட்டிய சிறு நடைவழிக் கல்லறை. லியா ஃபால் என்ற நடுகல்லை உரிமையுள்ள அரசன் தொட்டால் அது கத்தும் என்பது தொல்கதை. கல் இப்போது நிற்கும் இடம் அதன் பழைய இடம் அல்ல, ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் அங்கே இறந்தவர்களின் நினைவாக மாற்றி நட்டார்கள். விருந்து மண்டபம் என்று பழைய பெயர் பெற்ற நீண்ட பள்ளம் மண்டபமே அல்ல, சடங்கு ஊர்வலப் பாதையாக இருந்திருக்கலாம் என்றே இப்போது கருதுகிறார்கள். அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டுப் போராடிய டேனியல் ஓ'கானல் 1843 ஆகஸ்ட் 15 அன்று கூட்டிய பெருங்கூட்டம் இங்கேதான் நடந்தது. அன்று வந்தவர்கள் ஏழரை லட்சம் என்ற கணக்கை மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மழைக்குப் பிறகு சரிவுகள் வழுக்கும், செருப்போடு போகவே கூடாது.

டிரிம் கோட்டை தாராவிலிருந்து 20 நிமிடம். இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மன் பிரபு ஹியூ த லேசி 1170களில் தொடங்கிய கோட்டை, நடுக்கோபுரத்துக்கு இருபது பக்கங்கள். கோபுரத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், படிகள் குறுகல், செங்குத்து. அம்மாவுக்கு அது வேண்டாம். வெளிமுற்றமும் ஆற்றங்கரை நடையும் போதும்.

ஒரு சேர்க்கை: முந்தின நாள் டப்ளினில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவுக்குப் போய்விடுங்கள். அனுமதி இலவசம். நௌத்தில் கிடைத்த செதுக்கிய தீக்கல்லாலான கதாயுதத் தலை அங்கே இருக்கிறது. கைக்குள் அடங்கும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுப் போனால் மறுநாள் அந்த மேடு வேறாகத் தெரியும். தாரா ஊசி என்ற புகழ்பெற்ற அணிகலனும் அங்கேதான். அது தாராவில் கிடைத்ததல்ல. 1850இல் பெட்டிஸ்டவுன் கடற்கரை அருகே கிடைத்தது, நகை வணிகர் ஒருவர் விற்பனைக்காக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

கார் பற்றிக் கொஞ்சம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சுற்றுலா வருபவர் இங்கே ஓட்டலாம். ஆனால் நீங்கள் இங்கே குடியிருப்பவர் என்பதால் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அந்த உரிமம் செல்லாது, அயர்லாந்து உரிமம் வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை, விபத்து என்று வந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான். வாடகைக் கார்களில் கையால் கியர் மாற்றுவது பரவலாக இருப்பதால் தானியங்கி வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் சாலை ஒடுங்கி, இருபுறமும் வேலிச்செடி மறைத்துவிடும். 2025 பிப்ரவரி முதல் ஊரகச் சிறு சாலைகளில் பொது வேக வரம்பு 80இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது, பழைய செயலிகள் சொல்வதை நம்பாதீர்கள். எதிரே டிராக்டர் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். கார் வேண்டாம் என்று முடிவு செய்தால், டப்ளின் கானலி நிலையத்திலிருந்து பாய்ன் ஆற்றங்கரை ஊரான ட்ரோஹடாவுக்கு ரயில், அங்கிருந்து பார்வையாளர் மையத்துக்கு டாக்சி. உள்ளூர்ப் பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டே கிளம்ப வேண்டும். அப்படிப் போனால் பிற்பகலில் மோனாஸ்டர்பாய்ஸ் ஒன்றை மட்டும் சேர்க்கலாம், திரும்புவதற்கும் அதே டாக்சியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் நடுவில் சூரியன் மாலை ஆறரை அளவில் மறையும். மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும், ஆகவே பயணத்தை அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். குடை பயன்படாது, காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு மூவருக்கும் வேண்டும். திரும்பும்போது எம்1இல் ட்ரோஹடா அருகே சுங்கச்சாவடியில் நின்று கட்டலாம், ஆனால் டப்ளினைச் சுற்றிப் போகும் எம்50இல் சாவடியே கிடையாது, கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும். அந்தக் கட்டணத்தை மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்திலோ கடையிலோ கட்ட வேண்டும், தவறினால் அபராதம் ஏறும். சில வாடகை நிறுவனங்கள் தாங்களே கட்டிவிட்டு உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும், சில கட்டாது. சாவியை வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.